ஏற்காட்டுக் காபித் தோட்டக்காரர்களுக்கு, நிழல் மரங்களைப் பற்றி

வணக்கம்.

நாட்டு மரங்களை எடுத்துவிட்டுச் சில்வர் ஓக்கை நட்டுக்கொண்டே போகிறீர்கள். காரணம் புரியாமல் இல்லை. சீக்கிரம் வளரும், மிளகுக் கொடி ஏற்றலாம், அவசரத்துக்கு விற்றால் காசு. விளைச்சலை நம்பிப் பிழைப்பவர் வேறென்ன செய்வார்? ஆனால் வெயில் முன்போல் இல்லையே.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும். அப்படியென்றால் ஒரு டிகிரி சூடு கூடினால், குளிர் பழகிய மரம் தன் பழைய குளுமையைத் தேடி 150 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மரமா ஏறும்? விதைதான் ஏறும், பறவை தூக்கிப்போனால். நீலகிரியில் தொட்டபெட்டா வரை, 2,637 மீட்டர், இடமிருக்கிறது. நம் மலையோ 1,620 சொச்சத்தில் சேர்வராயன் கோயிலோடு முடிந்துவிடுகிறது. அந்த நீலகிரிக்குப் போகலாமென்றால் நடுவில் கொதிக்கும் சமவெளி.

பெரிய மரம் சட்டென்று சாகாது. காற்று சூடாகி வறண்டால் இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும். தண்ணீர் மிஞ்சும், ஆனால் உணவு தயாராகாது. அப்படியே சில வருடம் இழுத்துக்கொண்டு நிற்கும். கன்றுக்கு அந்த அவகாசமெல்லாம் கிடையாது. வேர் ஒரு சாண் இறங்குவதற்குள் மாசி, பங்குனியில் மண் காய்ந்தால் அதோடு சரி. அண்ணாந்து பார்த்தால் காடு பச்சையாகத்தான் இருக்கும். குனிந்து பார்த்தால் கன்று இருக்காது. உண்ணிச்செடி என்ற களைப்புதர் புகுந்து, அதில் தீயும் பிடித்தால் மிச்சமும் போச்சு.

நிழலும் ஈரச் சருகும் உள்ள உங்கள் தோட்டத்தில் அந்தக் கன்று பிழைக்கும். உங்களுக்கும் நட்டமில்லை. வெள்ளைத் தண்டு துளைப்பான் என்ற வண்டு, வெயில் படும் அராபிகா காபிச் செடியின் தண்டைத்தான் தேடிப்போய் முட்டையிடும். இலை மஞ்சளித்து, பட்டை மேடு தட்டிய செடி ஒன்றை வெட்டிப் பாருங்கள். புழு குடைந்து தூள் அடைத்த வழி தெரியும். நிழலை அதிகமாகக் கழித்த சரிவில் அதைத் தேடி அலைய வேண்டியதே இல்லை.

சில்வர் ஓக்கைப் பிடுங்கச் சொல்லவில்லை. களை வெட்டும்போது, தானாக முளைத்த நாவல், அத்திக் கன்றுகளை விட்டுவைக்கச் சொல்லுங்கள், போதும். குக்குறுவானும் கொண்டைக்குருவியும் கூலியில்லாமல் போட்ட விதை அது. பக்கத்தில் ஒரு குச்சி நட்டால் மண்வெட்டி படாது. அப்புறம், ஆட்களுக்கு எந்த இலை எதுவென்று முதலில் காட்டிக்கொடுக்க வேண்டும். அடுத்த களைவெட்டுக்கு முன்பே செய்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
மலையடிவாரத்தில் குடியிருக்கும் ஒருவன்