மார்க்கரைத் திரும்பக் கூப்பிடுங்கள்: சென்னை ஸ்னூக்கர் பார்லர் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பார்லர் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். 25 வருடமாக உங்கள் மேசைகளில் ஆடிக்கொண்டிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு பார்லரில் பார்த்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு பழைய க்யூவின் (பந்தை அடிக்கும் கோல்) நுனியில் துடைப்பத்தைக் கட்டி ஒட்டடைக் கம்பாக்கி வைத்திருந்தார்கள். எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். ஆஷ் மரத் தண்டு, பிடியில் கருங்காலி. இரண்டு மரமும் சேரும் இடத்தில் நான்கு முனைகள், நுனி உருண்டு வளைந்து, ஒன்றுக்கொன்று ஒரு நூல் ஏற்ற இறக்கத்தில் நின்றன. கையால் இழைத்து ஒட்டிய க்யூ அது. மெஷின் வேலை என்றால் அந்த முனைகள் கத்தி போலக் கூராக இருக்கும். கல்லாவில் இருந்த பையனிடம் கேட்டேன். "டிப் போயிடுச்சு சார், பழசு" என்றான். டிப் என்பது க்யூவின் நுனியில் ஒட்டும் ஒரு சின்னத் தோல் வில்லை. அதற்காக ஒரு க்யூவே ஒட்டடை அடிக்கப் போய்விட்டது.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டியவரைத்தான் நாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டோமே. மேசைப் பக்கத்தில் நின்று ஸ்கோர் ஏற்றி, மேசையையும் ஆட்டத்தையும் பார்த்துக்கொள்ளும் மார்க்கரைச் சொல்கிறேன்.

நான் ஆடப் பழகிய இடத்தில் ஒரு மார்க்கர் இருந்தார். ஸ்கோர் ஏற்றுவது அவர் வேலையில் கால்வாசிதான். காலையில் வந்ததும் மஞ்சள், பிரவுன், பச்சைப் பந்துகள் நிற்கும் முனையிலிருந்து கறுப்புப் பந்து நிற்கும் முனை வரை ஒரே திசையில் பிரஷ் போடுவார். துணியின் இழை அந்தப் பக்கமாகப் படிந்திருக்கும். மாற்றித் தேய்த்தால் மெதுவாக உருளும் பந்து தடம் மாறிப்போகும். மேசைக்கு மேலேயே க்யூ நுனியில் சாக் கட்டியைத் தேய்த்தால், "தம்பி, தள்ளிப் போய்த் தேய், தூள் துணியில் விழுது" என்பார். எதிராளி குனிந்து குறி பார்க்கும்போது அவர் கண்ணுக்கு நேரே நின்றால் தோளைத் தொட்டு நகர்த்துவார். ஃப்ளூக்கில், அதாவது குறி வைக்காமல் அதிர்ஷ்டத்தில், பந்து விழுந்தால் மன்னிப்புக் கேட்பது போலக் கையைத் தூக்கச் சொல்வார்.

ஒருநாள் சிவப்புப் பந்தை அடிக்கக் குனிந்தபோது என் சட்டை நீலப் பந்தை உரசியது. எதிராளி கவனிக்கவில்லை. மார்க்கர் கவனித்தார், ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஃபவுல்" என்றேன். எதிராளிக்கு நீலத்தின் மதிப்பான 5 புள்ளி ஏற்றினார். அந்த ஃபிரேமையும் (ஒரு சுற்று ஆட்டம்) தோற்றேன், டேபிள் காசும் நான்தான் கொடுத்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை என் ஃபவுலை இன்னொருவர் சொல்ல விட்டதில்லை.

இந்த ஆட்டம் பிறந்ததே நம் நாட்டில்தான். 1875-இல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் நெவில் சேம்பர்லின் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இதைத் தொடங்கினார் (பின்னாளில் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள்). 1882-இல் இதன் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியது நம் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில். இன்று நான் போகும் பார்லர்களின் சுவரில் மணிக்கு எவ்வளவு என்ற பலகை மட்டும்தான் இருக்கிறது.

சம்பளம் கட்டுப்படியாகாது என்பீர்கள். சரி, 12 அடி மேசைக்கு ஒருமுறை துணி மாற்ற என்ன ஆகிறது என்று என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். க்யூவைச் செங்குத்தாகத் தூக்கிக் குத்திப் பார்க்கிறவனையும், மேசை ஓரத்துக் குஷன் மேல் ஏறி உட்காருகிறவனையும் தடுக்க ஓர் ஆள் நின்றால் அந்தத் துணி எத்தனை மாதம் கூடுதலாக உழைக்கும்? கேமராவால் அதைச் செய்ய முடியாது. நடந்து முடிந்த பிறகு காட்டத்தான் அதற்குத் தெரியும்.

ஒரு பார்லருக்கு ஒரு மார்க்கர் போதும். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். அப்புறம், ரேக்கில் கிடக்கும் பழைய க்யூக்களைத் தனியாக எடுத்து வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் வளைந்துவிடும். வழுவழுப்பு வேண்டுமென்று உப்புத்தாள் போடாதீர்கள். தேய்ந்த மரம் திரும்ப வராது, காய்ந்த துணியால் துடைத்தாலே போதும். பையில் வைக்க வசதி என்று இரண்டாக அறுத்துத் திருகு வைக்கவும் வேண்டாம்.

அந்த ஒட்டடைக் கம்பைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். மேசையில் உருட்டிப் பார்த்தேன், கோணல் இல்லை. புது டிப் ஒட்டி இப்போது அதில்தான் ஆடுகிறேன். உங்களிடமும் டிப் போன க்யூ இருந்தால் சொல்லி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பசையும் அரமும் எடுத்துக்கொண்டு வருகிறேன், காசு வேண்டாம். கல்லாப் பையனை மட்டும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பார்லர்களில் ஆடி வளர்ந்தவன்