ஒதுங்கி நிற்க வேண்டியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு விழாக்களில் இறைவழிபாடு கூடுமா, கூடாதா என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளர் மெத்தப் படித்தவர், நடையும் சரளம். ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார் பாருங்கள்: "விருப்பமில்லாதவர்கள் ஒதுங்கி நிற்கட்டுமே, யார் தடுத்தார்கள்?" அதைத் தாண்டி என்னால் அடுத்த பத்திக்குப் போக முடியவில்லை.

அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆயுத பூஜை நெருங்கினால் வசூல் நோட்டு வரும். பதவி வாரியாகப் பெயரும், பெயருக்கு நேரே தொகையும் ஏற்கெனவே எழுதியிருக்கும். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. எனக்கு அதில் மனத்தடை கிடையாது, வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறவள். எங்கள் பிரிவில் ஒரு கிறிஸ்தவர் இருந்தார். "பொரி கடலைக்கு வேண்டுமானால் தருகிறேன், பூஜைக்கு வேண்டாமே" என்று ஒரு வருடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவருடைய விடுப்பு விண்ணப்பம் எந்த மேசைக்குப் போனாலும் அங்கேயே தூங்கியது. மறுவருடம் பேசாமல் கையெழுத்துப் போட்டார். அவருடைய கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள். துடைக்கலாமா, துடைத்தால் யாராவது பார்த்துவிடுவார்களா என்று கையில் துணியோடு அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். கட்டுரையாளர் இவ்வளவு சுலபமாகச் சொல்கிற ஒதுங்கல் இப்படித்தான் இருக்கும்.

வருமானச் சான்றிதழுக்கு வந்த ஜனங்கள், பூசணிக்காய் உடைத்து முடியும்வரை வெயிலில் காத்திருந்தது தனிக்கதை.

உடனே "இந்துக்களை மட்டும் குறை சொல்கிறாள்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். என் மகள் படித்தது அரசு உதவி பெறும் ஒரு கிறிஸ்தவப் பள்ளி. தினமும் காலையில் ஜெபம். அதில் கலந்துகொள்ளச் சம்மதமா என்று எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. போய் விசாரித்தால், "எல்லாப் பிள்ளைகளும்தானே செய்கிறார்கள்" என்று பதில். இங்கே ஒரு சாமி, அங்கே ஒரு சாமி. பேச்சு மட்டும் ஒன்றுதான்.

அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு தங்களுக்குத் தெரியாததில்லை. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மதபோதனையே கூடாது. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற நிறுவனத்தில், மாணவரின் சம்மதம் இல்லாமல், சிறுவராக இருந்தால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் இல்லாமல், வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது. அதாவது, நடத்துகிறவர்கள்தான் முதலில் கேட்க வேண்டும். மூலையில் போய் நிற்பதைப் பிள்ளையின் பொறுப்பாக அந்தச் சட்டம் எழுதி வைக்கவில்லை. மதச்சார்பின்மையே எமர்ஜென்சியில் திணித்த சரக்கு என்றும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. 1976-இல் முகவுரையில் 'மதச்சார்பற்ற' என்ற சொல் சேர்ந்தது உண்மை. 25 முதல் 28 வரையிலான பிரிவுகள் 1950-இலிருந்தே இருக்கின்றனவே ஐயா!

கேரளத்தில் மூன்று பிள்ளைகள் ஒதுங்கிக்கூட நிற்கவில்லை. தேசிய கீதத்துக்கு எல்லோரோடும் எழுந்து மரியாதையாக நின்றார்கள், தங்கள் மத நம்பிக்கை காரணமாகப் பாடாமல் மட்டும் இருந்தார்கள். அதற்கே 1985-இல் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். மறுவருடம் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் திரும்பச் சேர்க்கும் வழி பிறந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநில அதிகாரிகள், எந்த மதத்தையும் குறிப்பிடாத ஒரு பிரார்த்தனையை எழுதிப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். விருப்பமில்லாத பிள்ளை வாயை மூடிக்கொண்டு இருக்கலாம், வெளியேயும் போகலாம். நம் கட்டுரையாளர் சொல்லும் அதே ஏற்பாடு! அதுவும் செல்லாது என்று 1962-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்களில் யூதப் பெற்றோர்களும் உண்டு. எல்லோரும் நாத்திகர்கள் இல்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அக்கா மகன் வேறு மதத்துப் பெண்ணை மணக்க முடிவெடுத்து, மதம் மாறாமலே மணக்க வழிசெய்யும் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதியப் போனான். முப்பது நாள் அறிவிப்பு. இருவர் பெயரும் விலாசமும் அலுவலகச் சுவரில் ஒட்டப்படும், போகிறவர் வருகிறவர் எல்லாம் படிக்கலாம். அங்கிருந்த எழுத்தர் பரிவோடு ஒரு யோசனை சொன்னாராம்: "யாராவது ஒருத்தர் மதம் மாறிட்டு வந்துடுங்க தம்பி, இந்தத் தொல்லையே இல்லை." அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மதம் மாறச் சொல்கிறார்! மதமாற்றத்தைக் கண்டித்து மாதம் ஒரு தலையங்கம் எழுதும் தங்கள் பத்திரிகைக்கு இந்தச் செய்தி எட்டியிருக்காது. நான் அப்போதே எழுதினேன். இடப்பற்றாக்குறை போலிருக்கிறது. அதே வாரம் ராசிபலன் முழுப்பக்கம் வந்திருந்தது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், 28-ஆம் பிரிவின் தமிழ் வடிவத்தை ஒரு சிறு கட்டம் போட்டு வெளியிடுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்கித்தான் ஆக வேண்டுமென்றால், கட்டுரையாளரின் நடையை நான் பாராட்டியிருக்கும் இடத்தை முதலில் வெட்டிவிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி,
தஞ்சாவூர் மாவட்டம்