மாலை மறைத்த தேதி

குரோம்பேட்டை, சென்னை
ஞாயிறு மாலை

அன்புள்ள செண்பகா,

உன் மெயில் வந்து பதினோரு நாள் ஆகிறது. வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டுத் தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன், மனசு கேட்கவில்லை. நீ எழுதியிருந்தது அப்படிப் பதில் சொல்கிற விஷயம் இல்லை.

முதலில் ஊர்க்கதை. மார்ச்சோடு நான் ரிட்டயர்டு. இருபத்தெட்டு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நின்ற உடம்பு, இன்னமும் காலை ஐந்தரைக்குத் தானாக எழுந்துகொள்கிறது. எழுந்து எங்கே போவது? சமையலறையில் போய் நிற்கிறேன். இவர் பயந்துபோய் “யாருக்காவது ஏதாவதா?” என்று கேட்கிறார். நம் செல்வி பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பில் பிளேட் வைத்திருக்கிறார்கள், போன் போட்டுப் பேசு, சந்தோஷப்படுவாள். பாளையங்கோட்டை ஹாஸ்டல் தெருவில் நாம் கடனுக்கு முறுக்கு வாங்கிய கடை இப்போது மொபைல் கடை. அந்த அண்ணாச்சிக்கு நாம் இன்னும் பதினேழு ரூபாய் பாக்கி.

சரி, உன் வயிறு. பிரிட்டனிலிருந்து துருக்கிக்குப் போய், தொங்கும் வயிற்றுத் தோலை எடுக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன் என்று எழுதியிருந்தாய்.

“இந்த வயசில் உனக்கு எதுக்கு இதெல்லாம்” என்று நான் கேட்கப் போவதில்லை. அதைக் கேட்க உன் அக்கா இருக்கிறாள். இரண்டு சிசேரியனுக்குப் பிறகு தொங்கிப்போன தோல் நடைப்பயிற்சியில் போகாது என்று எனக்குத் தெரியும். குனிந்தால் மடிப்புக்குள் வியர்த்துப் புண்ணாகிறது என்று எழுதியிருந்தாயே, அதை ஆசை என்று சொல்பவர்கள் ஒரு மே மாதம் அந்த மடிப்போடு இருந்து பார்க்கட்டும். செய்துகொள். எங்கே, யார் கையால் என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

நீ அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்தேன். ஹோட்டல் அறை நன்றாக இருக்கிறது. விமான நிலையத்தில் பெயர்ப்பலகையோடு நிற்கும் டிரைவர், கறுப்பு வேன், படகுச் சவாரி, எல்லாம் இருக்கிறது. முன், பின் என்று பன்னிரண்டு வயிறுகள் இருக்கின்றன. வெட்டப்போகிற ஆளின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. “எங்கள் அனுபவமிக்க டாக்டர்கள் குழு” என்றுதான் இருக்கிறது. தினமும் உன்னோடு பேசுகிற அந்த அன்பான பெண், டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஒருங்கிணைப்பாளர். அவளுடைய வேலை உன்னை அங்கே வரவழைப்பது. கெட்டவள் என்று சொல்லவில்லை, வேலை அதுதான்.

உன் வீட்டில் நான் தங்கியிருந்தபோது பாய்லர் பார்க்க ஒருவர் வந்தார், நினைவிருக்கிறதா? வாசலிலேயே நிறுத்தி, உங்கள் ஊரில் கேஸ் வேலை பார்ப்பவர்களுக்குக் கொடுக்கும் ‘கேஸ் சேஃப்’ பதிவு அட்டையைக் கேட்டாய். வாங்கித் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாய். எந்தெந்த வேலைக்கு அவருக்குத் தகுதி என்று பின்னால்தான் எழுதியிருக்கும் என்று எனக்குப் பாடம் வேறு எடுத்தாய். பாய்லருக்கு அவ்வளவு பார்த்தவள் உன் வயிற்றுக்கு அட்டையின் முன்பக்கத்தைக்கூடப் பார்க்கவில்லையே, டி.

“ஆஸ்பத்திரிக்கு ஜேசிஐ சான்றிதழ் இருக்கிறது” என்று எழுதியிருந்தாய். ஜேசிஐ நல்ல விஷயம்தான். 1994-இல் தொடங்கிய, உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளைச் சோதித்துச் சான்றளிக்கிற அமெரிக்க அமைப்பு. ஆனால் அந்தத் தங்க முத்திரைப் படத்தை எவரும் எடுத்து எங்கும் ஒட்டிக்கொள்ளலாம். ஜேசிஐயின் சொந்தத் தளத்திலேயே நாட்டைப் போட்டால் பட்டியல் வரும், அதில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார். நீ பணம் கட்டப்போகும் கம்பெனியின் பெயர் ஒன்று, ஆபரேஷன் நடக்கும் ஆஸ்பத்திரியின் பெயர் வேறொன்றாக இருக்கலாம். கம்பெனி ஒரு தியேட்டரை நாள்வாடகைக்கு எடுத்திருக்கலாம். எந்தக் கட்டடம் என்று முகவரியோடு எழுதி வாங்கு.

ஃபிரேம் போட்ட சான்றிதழைப் பற்றி எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் இரண்டு வருஷம் இருந்தேன். பெயர் வேண்டாம். வரவேற்பறையில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சான்றிதழ் மாட்டியிருக்கும். ஆயுதபூஜைக்கு இரண்டுக்கும் சேர்த்து பிளாஸ்டிக் சம்பங்கி மாலை போட்டார்கள், அப்புறம் அதை எடுக்கவே இல்லை. ஒரு நாள் ஒட்டடை அடிக்கும்போது மாலையை விலக்கினேன். கீழ் மூலையில் தேதி. முடிந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. மேனேஜரிடம் சொன்னேன். “சிஸ்டர், மாலையை இருந்த இடத்திலேயே போடுங்க” என்றார். போட்டேன். இருபத்தாறு வயசு, சம்பளம் தேவை, போட்டேன். அதனால் எந்தக் காகிதத்தைக் காட்டினாலும் தேதியைப் பார் என்று உனக்குச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன், சொல்லாமல் விட்டவள் என்ற முறையில்.

துருக்கியில் சட்டம் இல்லாமல் இல்லை. வெளிநாட்டு நோயாளிகளை வரவழைக்க ஆஸ்பத்திரிக்கும் வேண்டும், இடையில் நிற்கும் ஏஜென்சிக்கும் வேண்டும் என்று சுகாதார அமைச்சகத்தின் அங்கீகாரச் சான்றிதழை 2017-இல் கொண்டுவந்தார்கள். ‘ஹெல்த் துர்க்கியே’ என்று அரசாங்கமே ஒரு தளம் நடத்துகிறது, அங்கீகாரம் பெற்ற இடங்கள் அதில் இருக்கும். இரண்டு சான்றிதழையும் கேள். தயங்கினால் அதுவே பதில்.

அப்புறம் டாக்டர். அந்த ஊரில் பெயருக்கு முன்னால் ‘ஓப். டாக்டர்’ என்று போட்டிருப்பார்கள். பார்த்தவுடன் பிளாஸ்டிக் சர்ஜன் என்று நினைத்துவிடாதே. அறுவை சிகிச்சைத் துறை ஏதோ ஒன்றில் நிபுணர் என்பதுதான் அதற்கு அர்த்தம். பிரசவம் பார்க்கிறவரும் ஓப். டாக்டர்தான், காது மூக்கு தொண்டைக்காரரும் ஓப். டாக்டர்தான். உனக்கு வேண்டியது பிளாஸ்டிக், மறுசீரமைப்பு, அழகியல் அறுவை சிகிச்சையில் நிபுணர் பட்டம். அந்தத் துறைக்கு அங்கே தேசியச் சங்கம் இருக்கிறது, உலக அளவில் ‘ஐசாப்ஸ்’ இருக்கிறது. இரண்டிலும் பெயரைத் தேடலாம். தேடும்போது துருக்கி எழுத்தில் தேடு. அவர்களுக்குப் புள்ளி வைத்த ‘ஐ’ ஒன்று, புள்ளி இல்லாத ‘ஐ’ ஒன்று, வால் வைத்த ‘எஸ்’ வேறு. ஒரு புள்ளி மாறினால் ஆள் கிடைக்க மாட்டார், அல்லது வேறு ஆள் கிடைப்பார். அவர்களையே தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லி, அப்படியே எடுத்து ஒட்டு.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு நைஜீரியாவிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார், கர்ப்பப்பை கட்டிக்கு. கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோடு போட்ட நோட்டு. சர்ஜனின் பெயரை எழுதிக்கொண்டார். அதற்குக் கீழே ஒரு கோடு கிழித்து, “என்னைத் தூங்கவைப்பது யார்?” என்று என்னிடம் கேட்டார். என் சர்வீஸில் நோயாளி ஒருவர் அதைக் கேட்டு அன்றுதான் கேட்டேன். மயக்க மருந்து டாக்டரை வரவழைத்து, பெயர், படிப்பு, “நீங்கள் கடைசி வரை அறையில் இருப்பீர்களா” எல்லாம் கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் பேனாவை மூடினார். எங்கள் ஆட்கள் முதலில் முகம் சுளித்தார்கள். எனக்கு எழுந்து நின்று கும்பிடலாம் போல இருந்தது.

2016-இல் நம் சென்னையிலேயே மருத்துவம் படித்த ஒரு பையன் முடி நடப் போய் இறந்துபோனானே, பேப்பரில் படித்திருப்பாய். மயக்க மருந்து கொடுத்தவர் பாதியில் கிளம்பிவிட்டார் என்றும், அந்த இடத்துக்கு இருந்தது சலூன் உரிமம்தான் என்றும் அப்போது செய்தி வந்தது. டாக்டருக்குப் படித்த பையனே கேட்காமல் போய்ப் படுத்தான். ஊர் எது என்பதில் ஒன்றும் இல்லை, செண்பகா. துருக்கியிலும் தங்கமான சர்ஜன்கள் இருக்கிறார்கள், இங்கேயும் மாலை போட்ட ஃபிரேம்கள் இருக்கின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. கத்தி வைப்பதற்கு முன் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் வேலையையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எங்களுக்குச் சிரிப்பாக வந்தது, பத்து வருஷமாக ஒன்றாக நிற்கிறோம், இன்னும் என்ன பெயர் என்று. “நான் கோமதி, ஸ்க்ரப் நர்ஸ்” என்று முகமூடிக்குள்ளிருந்து சொல்லிப் பழக ஒரு மாதம் ஆயிற்று. உனக்கு அந்த அறையில் யாரெல்லாம் பெயர் சொல்வார்கள் என்பது விமான டிக்கெட் போடுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. அந்தப் பெண், “இதோடு சேர்த்து மார்பும் தூக்கி, இடுப்புக் கொழுப்பும் எடுத்தால் முப்பது சதவீதம் குறைவு” என்றாளாம், நீயும் யோசிக்கிறாயாம். இது தி. நகர் ஆடித் தள்ளுபடி இல்லை. இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம் என்று தியேட்டரில் கணக்குப் போட முடியாது. சேர்க்கச் சேர்க்க மேஜையில் கிடக்கும் நேரம் கூடும். உடம்பு குளிரும், ரத்தம் போகும், காலில் ரத்தம் ஓட்டமில்லாமல் கிடந்து கட்டியாகும். அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் என்ன ஆகும் என்பதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன், எழுத மாட்டேன். அழகு ஆபரேஷனுக்காக டொமினிகன் குடியரசுக்குப் போய் 2009-லிருந்து 2022 வரை 93 அமெரிக்கர்கள் இறந்திருக்கிறார்கள் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்குச் சொன்னது. 2019, 2020-இல் இறந்தவர்களைப் பார்த்ததில் பாதிக்கும் மேல் இந்த அடைப்புதான், ரத்தக்கட்டியோ கொழுப்போ. உன் வெளியுறவு அமைச்சகமும் துருக்கிப் பயணக் குறிப்பில், மருத்துவத்துக்காகப் போய் 2019-க்குப் பிறகு இறந்த பிரிட்டிஷ்காரர்களின் எண்ணிக்கையைப் போட்டிருந்தது, இருபதைத் தாண்டியது. போகிறவர்களின் கூட்டத்தில் இது சின்ன எண்ணிக்கைதான். பயமுறுத்த எழுதவில்லை, மார்பையும் இடுப்பையும் இன்னொரு வருஷத்துக்குத் தள்ளிவை என்று சொல்ல எழுதுகிறேன்.

நீ காட்டிய பேக்கேஜில் ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள் திரும்பும் விமானம். வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு உடனே பறக்காதே என்பதுதான் உங்கள் ஊர் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் சொல்வது. நான் பத்து நாள் என்பேன். வயிற்றில் வடிகுழாய் இருக்கலாம், கூன் போட்டுத்தான் நடப்பாய், அந்தக் கோலத்தில் நாலு மணி நேரம் நடு சீட்டில் மடங்கி உட்காருவது எனக்குப் பிடிக்கவில்லை. போகும்போதும் முந்தின இரவு இறங்கி, மறுநாள் காலை தள்ளுவண்டியில் ஏறும் முன்தான் சர்ஜனைப் பார்ப்பது என்று வைக்காதே. பட்டினியாக, ஊசி குத்திய கையோடு படுத்திருக்கும்போது யாருக்கும் “வேண்டாம், நான் கிளம்புகிறேன்” என்று சொல்ல வாய் வராது. முன்னாடியே வீடியோவில் அவரிடமே பேசு. அந்தப் பெண்ணிடம் இல்லை, அவரிடம். உன் பிரஷர் மாத்திரையைப் பற்றி அவர் ஒரு கேள்வியாவது கேட்கிறாரா என்று பார். கேட்காதவர் எனக்கு வேண்டாம்.

ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் முன்கூட்டியே வர வேண்டும். வழக்கமான டிராவல் இன்ஷூரன்ஸ் திட்டமிட்ட ஆபரேஷனுக்கு வராது, ஐரோப்பாவுக்கு நீ வைத்திருக்கும் சுகாதார அட்டை துருக்கியில் செல்லாது, தனியாக எடு. கிளம்பும்போது என்ன செய்தார்கள், என்ன மருந்து கொடுத்தார்கள் என்ற முழுக் குறிப்பையும் வாங்காமல் வராதே. சரியாகச் சுத்தம் செய்யாத கருவியில் வரும் சில கிருமிகள் சில வாரம் கழித்துத்தான் தலைகாட்டும், வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு மசியாது. அப்போது உன் ஜிபிக்கு, அதுதான் உன் குடும்ப டாக்டருக்கு, கையில் ஒரு காகிதமாவது இருக்க வேண்டும். துருக்கிக்குக் கிளம்பும் முன்பே அந்த ஜிபியிடம் சொல்லிவிடு. திட்டுவார், திட்டட்டும்.

யாரைக் கூட அழைத்துப் போகிறாய் என்று நீ எழுதவே இல்லை. தனியாகப் போக நினைத்திருந்தால் அது நடக்காது. எனக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது, வேலை இல்லை. துருக்கி விசாவுக்கு என்னென்ன கேட்கிறார்கள் என்று பையனைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இவருக்கு இரண்டு வாரம் சாம்பார் பொடியும் தங்கச்சி வீடும் போதும்.

நாளைக்கே அந்தப் பெண்ணிடம் இரண்டு பெயர் கேள், வெட்டுகிறவர் பெயர், தூங்கவைக்கிறவர் பெயர். புள்ளி, வால் எல்லாம் சரியாக இருக்கும்படி எனக்கு அனுப்பு. இங்கே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானும் தேடுகிறேன், காலை ஐந்தரையிலிருந்து எனக்கு வேறு என்ன வேலை. பெயர் வரும்வரை முன்பணம் கட்டாதே.

செல்விக்குப் போன் பண்ண மறந்துவிடாதே.

உன்,
கோமதி