அப்பாவின் காதும் ஒரு குமிழும்

அன்புள்ள நண்பா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் இருந்துவிட்டேன், மன்னித்துவிடு. இங்கே எல்லாரும் நலம்.  

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்காக ஒரு சின்னப் பாட்டு ஆப் எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரி வட்டக் குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். போன வாரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குறைத்துக்கொண்டே போனார். விரல் பூஜ்யத்தைத் தாண்டிக் கொஞ்சம் நகர்ந்ததும் சத்தம் நேராக நூறுக்குத் தாவிவிட்டது. ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

விரல் இருக்கும் கோணத்தையே சத்தத்தின் அளவாக எடுத்திருந்தேன். வட்டத்தில் 0-வும் 360-ம் ஒரே இடம்தானே! இப்போது விரல் முன்பிருந்த இடத்திலிருந்து எத்தனை டிகிரி நகர்ந்தது என்று மட்டும் பார்க்கிறேன். விரல் பூஜ்யத்தைக் கடக்கும்போது வித்தியாசம் 180-ஐத் தாண்டினால் 360-ஐக் கழிக்கிறேன், எதிர்ப்பக்கமாக -180-க்குக் கீழே போனால் 360-ஐக் கூட்டுகிறேன். அளவு 0-விலும் 100-லும் முட்டி நின்றுவிடும். குமிழை எங்கே தொட்டாலும் தாவாது.

அப்புறம் இன்னொரு குறை. 50-லிருந்து 100 வரை திருகினாலும் பெரிய மாற்றம் தெரியவில்லை. காது விகிதக் கணக்கில், அதாவது எத்தனை மடங்கு கூடியது என்றுதான் கேட்கிறது. ஒலியலையின் வீச்சை, அதாவது அலை எழும் உயரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபல்தான் (சத்தத்தை அளக்கும் அலகு) குறையும். காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும். அதனால் நூறை 1 என்று வைத்துக்கொண்டு, குமிழின் மதிப்பை அதே மதிப்பால் பெருக்கி வீச்சாக அனுப்புகிறேன். 0.5 என்பது 0.25 ஆகிறது, 12 டெசிபல் இறங்குகிறது. ரேடியோக் குமிழுக்குள் இருக்கும் மின்தடையையே இந்தக் கணக்குக்கு ஏற்றபடிதான் செய்வார்களாம். நீ கழற்றிவிட்டு மாட்டத் தெரியாமல் விழித்தாயே, அதையும்தான்!

நேற்று அப்பா மறுபடி திருகிப் பார்த்தார், ஹெட்போனைக் காதிலிருந்து ஒரு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு.

கண் தெரியாத உன் சித்திக்குக் குமிழைத் திருகுவது கஷ்டம். அவருக்காகக் கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று என இரண்டு பெரிய பொத்தான்கள் வைத்திருக்கிறேன். அனுப்புகிறேன், கொடுத்துப் பார். முதலில் ஸ்பீக்கரிலேயே கேட்கட்டும், ஹெட்போன் வேண்டாம்.

அன்புடன்,
உன் நண்பன்