வெர்னோனிலிருந்து அப்பாவுக்கு

வெர்னோன், பிரான்ஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கே நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் நலந்தானே? தொலைபேசியில் பேசினால் சாப்பாடு, குளிர், உடம்பு என்று நேரம் போய்விடுகிறது. நம் ராக்கெட்டுகளில் எரியும் விகாஸ் எஞ்சினுக்கு மூலமான ஊர் இப்போது எப்படி இருக்கிறது, அங்கே என் வேலை என்ன என்று விரிவாக எழுதச் சொல்லியிருந்தீர்கள். மகேந்திரகிரியில் இஸ்ரோவின் எஞ்சின் சோதனை மேடையில் அத்தனை காலம் உழைத்த உங்களுக்கு அரைகுறையாகச் சொல்ல மனம் வராமல், ஓய்வான ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்து எழுதுகிறேன். தொழிற்சாலைக்குள் கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது என்ற ஒழுங்கு உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே இதில் நான் எழுதுபவை அனைத்தும் ஊரறிந்த செய்திகளே.

வெர்னோன் சேன் நதிக்கரையில் அமைந்த சிறிய ஊர். பாரிஸிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். நதிக்கு அக்கரையில் சிறிது தொலைவு போனால் ஓவியர் மோனே வாழ்ந்த ஜிவெர்னி வந்துவிடும். கோடையில் வரும் சுற்றுலாப் பயணிகள் அவருடைய தோட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஊருக்கு மேலே, காடு சூழ்ந்த மேட்டில் ஐரோப்பாவின் ராக்கெட் எஞ்சின்கள் உருவாவதைப் பலர் அறிவதில்லை. காவல்கிணற்றிலிருந்து மலையைப் பார்த்து வளர்ந்த எனக்கு, எஞ்சின் சோதனைக்காக ஊரைவிட்டு விலகிய மேட்டைத் தேர்ந்தெடுத்ததன் காரணத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே நடப்பது, ஏரியன் 6 ராக்கெட்டின் மைய அடுக்கை இயக்கும் வல்கெய்ன் 2.1 எஞ்சினைச் சார்ந்த வேலை. மைனஸ் 253 டிகிரியில் திரவமாக இருக்கும் ஹைட்ரஜனையும், மைனஸ் 183 டிகிரியில் இருக்கும் ஆக்சிஜனையும் சேர்த்து எரித்து, ஏறத்தாழ 137 டன் உந்துவிசை தரும் எஞ்சின் அது. ஹைட்ரஜனை அழுத்தி அனுப்பும் டர்போபம்ப் நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்றுகளுக்கு மேல் சுழல்கிறது. உறைகுளிரில் இருக்கும் பம்புக்கும், அதைச் சுழற்றும் சூடான வாயு பாயும் டர்பைனுக்கும் இடையில் இருப்பது கைக்கு எட்டும் தூரந்தான். அந்த இடைவெளியிலேயே பேரிங், சீல், வெல்டிங் எல்லாம் தாக்குப்பிடிக்க வேண்டும். நான் இருப்பது இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில். வெல்டிங் இணைப்புகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்ப்பது, சாயத் திரவம் பூசி விரிசல் தேடுவது, ஹீலியம் செலுத்திக் கசிவு பார்ப்பது, குழாய்களுக்குள் மெல்லிய கேமராவை விட்டு உட்புறம் சுத்தமாக இருக்கிறதா என்று உறுதிசெய்வது ஆகியவை என் அன்றாட வேலைகள்.

பத்திரிகையில் படிப்பவர்கள் இத்துறையை ரோபோக்களும் கணினிகளும் நடத்துவதாக எண்ணிக்கொள்கிறார்கள். அவை இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் கார் போல லட்சக்கணக்கில் செய்யும் பொருளல்ல இது. ஆண்டுக்குச் சில எஞ்சின்களே வெளியே போவதால், மனிதக் கைகள்தாம் இன்னும் பெரும்பகுதியைச் செய்கின்றன. ஒரு குழாயை வளைத்துப் பொருத்துபவருக்கு அதில் இருபது முப்பது ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் எவ்வளவு முறுக்கு, முறுக்கியவர் யார், பார்த்தவர் யார் என்று தாளில் கையொப்பம் உண்டு. வேலை முடிந்து எழும்போது கருவிகள் அத்தனையும் எண்ணி அதனதன் இடத்தில் வைக்கப்பட வேண்டும். துடைக்க எடுத்த துணியும் கணக்கில் சேர்ந்தது.

துணிக்குக் கணக்கு வைப்பதன் காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அம்மாவுக்காக எழுதுகிறேன். 1990 பிப்ரவரி 22 அன்று, இரண்டு ஜப்பானிய செயற்கைக்கோள்களைச் சுமந்துகொண்டு தென்னமெரிக்காவின் கூரு ஏவுதளத்திலிருந்து ஓர் ஏரியன் 4 கிளம்பியது. புறப்படும்போது இயங்கிய, விகாஸுக்கு மூலமான எட்டு வைக்கிங் எஞ்சின்களில் ஒன்று தொடக்கத்திலேயே வலுவிழந்தது. மற்ற எஞ்சின்கள் திசை திரும்பி அதை ஈடுகட்டப் பார்த்தும், இரண்டு நிமிடம் ஆவதற்குள் ராக்கெட் வானிலேயே சிதறிப்போயிற்று. விசாரித்தபோது, அந்த எஞ்சினுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாயை ஒரு துணித்துண்டு அடைத்திருந்தது தெரியவந்தது. நான் சேர்ந்த புதிதில் முதலில் சொல்லிக்கொடுக்கப்பட்டதே இந்த நிகழ்வுதான். யார் விட்ட துணி என்று இங்கே ஒருவரும் பேசுவதில்லை. அது உள்ளே இருந்தும் அத்தனை சோதனைகளையும் எப்படித் தாண்டிப் போயிற்று என்றே பேசுகிறார்கள். அந்தப் பேச்சு முறைதான் இந்த ஊரின் மேல் எனக்குப் பெரும் மரியாதையை உண்டாக்கியது.

அதற்கும் முன்னால், 1980 மே மாதத்தில், ஏரியனின் இரண்டாவது பயணம் கடலில் முடிந்ததும் வைக்கிங் எஞ்சினால்தான். எரிகலனுக்குள் எரிதல் சீராக இல்லாமல் அழுத்தம் அதிவேகமாக ஏறி இறங்கி அதிர, எஞ்சின் தாங்கவில்லை. எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரைத் திருத்தி, திரும்பத் திரும்பச் சோதித்து, ஓராண்டு கழித்து 1981 ஜூன் 19 அன்று மீண்டும் பறந்தார்கள். அந்தப் பயணத்தில்தான் நம்முடைய ஆப்பிள் செயற்கைக்கோளும் போயிற்று. மாட்டுவண்டியில் ஏற்றி வைத்து ஆப்பிளைச் சோதித்த படத்தை நம் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தீர்களே, அந்தச் செயற்கைக்கோளைத் தூக்கிச் சென்ற எஞ்சின்களுக்குப் பின்னால் இந்த மேட்டின் உழைப்பு இருக்கிறது.

1974இல் பிரெஞ்சுக்காரர்கள் நம் நாட்டோடு செய்த ஒப்பந்தத்தைப் பற்றி இங்கே வந்த பிறகு இன்னும் ஆழமாக யோசிக்கிறேன். நம்மிடம் பணம் கேட்கவில்லை. வைக்கிங்கின் தொழில்நுட்பத்துக்கு ஈடாக நம் பொறியாளர்களின் 100 மனித ஆண்டு (ஒருவர் ஓராண்டு செய்யும் வேலை ஒரு மனித ஆண்டு) உழைப்பையும், இந்தியாவில் செய்த ஆயிரக்கணக்கான அழுத்த உணரிகளையும் பெற்றுக்கொண்டார்கள். நாகர்கோவில்காரரான நம்பி நாராயணன் தலைமையில் வந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களின் தோளோடு தோள் நின்று அந்த எஞ்சினை வளர்க்க உதவினார்கள். வரைபடங்களோடு வேலையையும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இந்தியாவில் செய்த முதல் எஞ்சின் 1985இல் இங்கே கொண்டுவந்து சோதிக்கப்பட்டது. வைக்கிங் இங்கே 2003இல் ஏரியன் 4 உடன் ஓய்ந்துவிட்டது. அதன் வழிவந்த விகாஸோ பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் அடுக்கிலும் எல்.வி.எம்.3இன் மைய அடுக்கிலும் இன்றும் எரிகிறது. வரைபடம் மட்டும் வாங்கியிருந்தால் இது நடந்திருக்காது என்பதே என் எண்ணம். எந்த இடத்தில் வெல்டிங் பிடிவாதம் செய்யும், எந்த ஒலி கேட்டால் சோதனையை நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் பக்கத்தில் நின்றவரே கற்க முடியும். நீங்கள் எனக்குச் சைக்கிள் பழக்கிய விதமும் அதுதானே.

அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். "குண்டு செய்கிற இடத்திலா வேலை பார்க்கிறாய்?" என்று கேட்டார்கள். ஒரே சொல்லில் இல்லை என்று சொல்லிவிட என்னால் ஆகவில்லை. நான் தொடுவது செயற்கைக்கோள்களை ஏற்றும் எஞ்சின், அதில் ஐயமில்லை. ஆனால் 1946இல் இந்த மேட்டில் ஆய்வகத்தை நிறுவியது பிரெஞ்சு ராணுவம், நோக்கம் ஏவுகணை. போரில் தோற்ற ஜெர்மனியிலிருந்து, பீனமுண்டேயில் வி-2 ஏவுகணையில் உழைத்த பொறியாளர்களை இங்கே குடியமர்த்தினார்கள். வைக்கிங் எஞ்சினுக்கு வித்திட்ட கார்ல்-ஹைன்ஸ் பிரிங்கர் அவர்களுள் ஒருவர். அந்த வி-2 ஏவுகணைகளோ நார்ட்ஹவுசன் அருகே மலைச்சுரங்கத்துக்குள், நாஜிகளின் டோரா வதைமுகாமின் கைதிகளை வதைத்துச் செய்யப்பட்டவை. அந்த முகாமுக்கும் அதன் கிளை முகாம்களுக்கும் அனுப்பப்பட்ட ஏறத்தாழ 60,000 பேரில் சுமார் 20,000 பேர் உயிருடன் மீளவில்லை. அவர்களில் பிரெஞ்சுக்காரர்களும் ஏராளம். விகாஸின் வம்சாவளியைப் பின்னோக்கிப் பார்த்தால் அதில் இதுவும் இருக்கிறது. இதை நினைக்காமல் இத்தொழிலைப் பெருமையாகப் பேசுவது அந்தக் கைதிகளுக்குச் செய்யும் அநீதி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்றும் இரண்டுக்கும் இடையே பெரிய சுவர் கிடையாது. ஏரியன் ராக்கெட்டைச் செய்யும் நிறுவனமே பிரெஞ்சு நீர்மூழ்கிக் கப்பல்களுக்கான எம்51 அணு ஏவுகணையையும் செய்கிறது. நம் நாட்டிலும் எஸ்.எல்.வி.-3இன் முதல் அடுக்கு தானே பின்னர் அக்னி ஏவுகணைக்கு அடிப்படையாயிற்று? இரண்டிலும் கலாம் ஐயா இருந்தார் அல்லவா? எதிரிக்கு அஞ்சும் நாடு ஏவுகணை செய்வதைத் தவறென்று ஒரே அடியாகச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் எனக்குத் தேர்வு இருக்கும்வரை, வானிலை பார்க்கவும் பூமியை அளக்கவும் தொலைநோக்கியைக் கொண்டுசெல்லவும் உதவும் எஞ்சினிலேயே என் கைகள் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 2021 கிறிஸ்துமஸ் நாளில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை ஏரியன் 5 அவ்வளவு துல்லியமாகச் செலுத்தியதால், பாதையைத் திருத்துவதற்கு வைத்திருந்த எரிபொருள் மிச்சமாகி அதன் ஆயுளே நீண்டது. அந்த ராக்கெட்டின் எஞ்சின் இந்த ஊரில் சோதித்தது. அம்மாவிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அயல்நாட்டவளான எனக்குப் பல கதவுகள் திறப்பதில்லை. ராணுவ வேலை நடக்கும் பக்கம் நான் போக விரும்பினாலும் முடியாது.

தொழிலின் எதிர்காலம் பற்றி இங்கே கவலை இல்லாமல் இல்லை. ஏரியன் 6 முதலில் 2020இல் பறப்பதாக இருந்து, 2024 ஜூலை 9 அன்றுதான் பறந்தது. அதற்குள் அமெரிக்காவில் ஏவிய ராக்கெட்டையே தரையிறக்கித் திரும்பப் பயன்படுத்துவது வழக்கமாகிவிட்டது. ஐரோப்பாவிலோ மேல் அடுக்கு ஜெர்மனியின் பிரெமனில், மைய அடுக்கு பாரிஸ் அருகே லெ முரோவில், பக்கவாட்டு எஞ்சின்களின் கூடு இத்தாலியில், வல்கெய்னில் வாயு வெளியேறும் புனல் சுவீடனில் என்று, பணம் போட்ட நாடுகளுக்கெல்லாம் வேலை பகிரப்பட்டிருக்கிறது. இதனால் செலவு கூடுகிறது, காலமும் நீள்கிறது. ஒருவரோடொருவர் போரிட்டு அழிந்த நாடுகள் சேர்ந்து ஒரு ராக்கெட்டைச் செய்வதற்கு அது கொடுக்கத்தக்க விலை என்றே நான் கருதுகிறேன். என்றாலும் விலை குறையாவிட்டால் நிலைக்க முடியாது. அதற்காகத்தான் மீத்தேனில் எரியும் பிரோமிதியஸ் என்ற புதிய எஞ்சினை உருவாக்குகிறார்கள். வல்கெய்னின் விலையில் பத்தில் ஒரு பங்கில், சுமார் 10 லட்சம் யூரோவில், அதைச் செய்துவிட வேண்டும் என்பது இலக்கு. 2023 ஜூனில் இந்த மேட்டில்தான் அதை எரித்துச் சோதித்தார்கள்.

என் வாழ்க்கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அரிசியும் மசாலாவும் வாங்கப் பாரிஸில் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷாப்பல் பகுதிக்குப் போய்வருகிறேன். பிரெஞ்சு மொழி தொழிற்கூடத்தில் தடையாக இல்லை. காகிதத்தில் எழுதும்போதுதான் இன்னும் சிரமப்படுகிறேன்.

முக்கியமான ஒன்று. என் தெருவில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். வைக்கிங் காலத்தில் சோதனை மேடையில் வேலை பார்த்தவர், இந்தியப் பொறியாளர்களை நன்றாக நினைவு வைத்திருக்கிறார். நீங்கள் மகேந்திரகிரியில் இருந்தவர் என்று சொன்னதும் கேள்விகளாக அடுக்கிவிட்டார். சோதனை முடிந்தபின் குழாய்களில் எஞ்சிய நச்சு எரிபொருளை நீங்கள் எப்படி அகற்றிச் சுத்தம் செய்தீர்கள்? கடற்காற்றின் உப்பு மேடையைப் பாதித்ததா? முதல் சோதனையின்போது மேடையில் எத்தனை பேர் இருந்தீர்கள்? சொல்லத்தக்கவற்றை மட்டும் உங்கள் கைப்பட எழுதி, தம்பியிடம் கொடுத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிரெஞ்சில் பெயர்த்து அவரிடம் கொடுப்பது என் பொறுப்பு. அவருக்கு உடல்நிலை அவ்வளவு சரியில்லை. ஆகவே தாமதிக்காமல் எழுதுங்கள்.

அம்மாவுக்கும் தம்பிக்கும் என் அன்பு.

உங்கள் அன்பு மகள்