செக்ரோலில் பேர் இல்லாதவர்கள்: தொழில் ஆணையாளர் நாயகத்துக்கு ஒரு கோரிக்கை மனு

2025.10.06

அனுப்புநர்:
தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள்,
மேல் டிவிசன், ஹட்டன்.
(என் பெயரும் தோட்டத்தின் பெயரும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன. அவற்றை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)

பெறுநர்:
தொழில் ஆணையாளர் நாயகம் அவர்கள்,
தொழில் திணைக்களம்,
நாரஹேன்பிட்டி, கொழும்பு 05.

விடயம்: தோட்டங்களில் வருமானப் பகிர்வு முறையிலும், இணையவழி, செயலிவழி வேலைகளிலும் உழைப்பவர்களைத் தொழிலாளர்களாக ஏற்று, ஊழியர் சேமலாப நிதி முதலான உரிமைகளை உறுதிசெய்யக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

கடந்த ஓகஸ்ட் மாதம் நாங்கள் குடியிருக்கும் லயத்தின் (தோட்டத்து வரிசை வீட்டின்) கூரைத் தகடு மாற்றக் கடன் கேட்டு அம்மாவும் நானும் வங்கிக்குப் போனோம். வீட்டில் மூன்று பேர் உழைக்கிறோம் என்று சொன்னதும் அங்கிருந்த அலுவலர் சந்தோஷமாகப் படிவத்தை எடுத்தார். அப்புறம், வேலை தருபவரிடமிருந்து ஒரு கடிதம் கொண்டுவரச் சொன்னார். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். தம்பி கொழும்பில் மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொதி கொண்டுபோய்க் கொடுக்கிறான். நான் வீட்டிலேயே மடிக்கணினியில் வேலை செய்கிறேன். மூவரும் யோசித்துப் பார்த்தோம். "இவர் என்னிடம் வேலை செய்கிறார்" என்று எழுதித் தர எங்கள் யாருக்கும் ஆள் இல்லை. இந்த மனுவை எழுத வைத்தது அந்த நாள்தான்.

முதலில் அம்மாவின் கதை. அவர் 1998-இல் தோட்டத்தில் பேர் பதிந்தவர். எங்கள் பக்கத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்றுதான் சொல்வோம். செக்ரோலில், அதாவது தோட்டத்து வருகைப் பதிவேட்டில், பேர் விழுந்தால் அன்றைய சம்பளம் உண்டு, கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அந்த அரைப்பேருக்காக அம்மா எத்தனையோ நாள் அழுதிருக்கிறார், அதனால் பழைய முறையை நான் புகழ மாட்டேன். ஆனாலும் அந்தப் பேருக்குள் பல விடயங்கள் அடங்கியிருந்தன. 2024 செப்டெம்பரில் சம்பளச் சபை வழியாக நாள் சம்பளம் 1350 ரூபா ஆனபோது, ஒவ்வொரு பேருக்கும் கம்பனி சேமலாப நிதிக்கு 12 வீதம், அதாவது 162 ரூபாவும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், அதாவது 40 ரூபா 50 சதமும் கட்ட வேண்டியிருந்தது. மாதத்துக்கு 20 பேர் விழுந்தால் 4050 ரூபா. அம்மாவின் கைக்கு அது வராது, அவர் பெயரில் எங்கோ சேரும். அவ்வளவுதான் எங்கள் வீட்டுச் சேமிப்பு.

இந்த வருடம் ஜனவரியில் வருமானப் பகிர்வு முறை என்று சொல்லித் தேயிலை மலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். எங்களுக்கு 1,200 செடி. இனி நீங்கள் தொழிலாளி இல்லை, உற்பத்தியாளர், கொழுந்தைக் கிலோ விலைக்கு நாங்கள் வாங்கிக்கொள்வோம் என்றார்கள். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. கையெழுத்து வாங்கியது பெரும்பாலும் ஆண்களிடம். 26 வருடம் கூடை சுமந்தவர் அம்மா, ஆனால் பத்திரத்தில் இருப்பது அப்பாவின் பெயர். அப்பா மூன்று வருடமாக நெஞ்சு வருத்தத்தோடு படுத்திருக்கிறார்.

சரி, இந்த முறையில் நன்மையே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டியதில்லை. கங்காணி சத்தம் போடுவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து பொங்கி வந்தபோது பழைய சம்பளத்தைவிடக் கூடவே கிடைத்தது. அம்மாவே "இது ஒரு மாதிரி நிம்மதி" என்று சொன்னார். ஆகவே இந்த முறையை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் அந்த மலையில் யார் சொல்வது நடக்கிறது என்பதைத் தயவுசெய்து பாருங்கள். எந்த நாள் எந்த மலையைப் பறிக்க வேண்டும் என்று சொல்வது தோட்டம். எந்த உரம், எந்த மருந்து என்று தீர்மானிப்பது தோட்டம். அதன் விலையை மாதக் கடைசியில் எங்கள் கணக்கில் கழிப்பதும் தோட்டம். நிறுப்பது அவர்களுடைய தராசு, ஈரத்துக்கென்று கிலோ கழிப்பது அவர்களுடைய கணக்கப்பிள்ளை. பக்கத்துத் தொழிற்சாலையில் பத்து ரூபா கூடக் கொடுத்தாலும் அங்கே விற்க முடியாது. ஒரு சுற்று பறிக்காமல் விட்டால் செடியைத் திருப்பி எடுத்துவிடுவார்களாம். உற்பத்தியாளருக்கு இதில் எந்த இடத்தில் சொந்த முடிவு இருக்கிறது? ஜூலையில் மழை, கொழுந்து குறைவு. உரக் காசு கழித்தபின் அம்மாவுக்கு வந்தது 11,400 ரூபா. அந்த மாதம் பள்ளிக்கூடம் விட்டு வந்த மாமா பிள்ளைகளும் பறித்தார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் அம்மாச்சி துண்டு முறையைப் பற்றிச் சொல்வார், அவருடைய அம்மா பட்ட பாடு அது. கடனை அடைத்தால் இந்த ஆளை விடுகிறேன் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுத்தான் துண்டு. ஆளும் கடனும் சேர்ந்தே தோட்டம் மாறும். 1921-இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். உரக் கணக்குச் சீட்டை அம்மா விரித்துப் பார்க்கும் ஒவ்வொரு மாதமும் எனக்கு அந்தக் கதைதான் ஞாபகம் வருகிறது.

வேலையை விடும்போது கம்பனி தர வேண்டிய பணிக்கொடையைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. 1983-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாள் சம்பளக்காரருக்கு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் என்று தொழிற்சங்க ஐயா ஒருவர் சொல்லித் தந்தார். 1350 ரூபாப்படி 26 வருடத்துக்குக் கணக்குப் போட்டேன், 4,91,400 ரூபா வருகிறது. அந்தக் காசுக்கு என்ன ஆனது என்று கேட்டால், "நீங்கள் வேலையை விடவில்லையே" என்கிறார்கள். சேமலாப நிதியைக் கேட்டால், "நீங்கள் இப்போது தொழிலாளி இல்லையே" என்கிறார்கள். இரண்டும் ஒரே அலுவலகத்தில், ஒரே வாரத்தில் சொல்லப்பட்ட பதில்கள்.

எங்கள் லயத்தில் ஆறாவது காம்பராவில் (அறையில்) இருக்கும் அக்காவுக்கு இது ஏழாம் மாதம். செக்ரோலில் பேர் இருந்திருந்தால் அவருக்கு 84 நாள் சம்பளத்தோடு பிரசவ விடுமுறை. இப்போது அவர் நாளைக்கும் மலைக்குப் போவார்.

இனி என்னைப் பற்றி. கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தேன், அங்கே எனக்குச் சேமலாப நிதி இலக்கம் இருந்தது. 2020-இல் கொரோனா வந்து கடையை மூடியதும் ஊருக்கு வந்துவிட்டேன். இப்போது செய்வது படங்களுக்கு அடையாளம் இடும் வேலை. ஏதோ ஒரு நாட்டுத் தெருப்படம் வரும். அதில் கார், சைக்கிள், நடந்துபோகும் மனிதர் எல்லாவற்றையும் சுற்றிக் கோடு போட வேண்டும். கணினிக்குப் பார்க்கக் கற்றுக் கொடுப்பதற்காம். கொழும்பிலிருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் வேலையைப் பிரித்துத் தருவார். படத்துக்கு இவ்வளவு என்று காசு. பிழை என்று திருப்பிவிட்டால் அதற்குக் காசில்லை, என்ன பிழை என்றும் சொல்வதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் சிக்னல் இல்லாததால் கோவிலுக்கு மேலே இருக்கும் மேட்டில் பாயை விரித்து உட்காருவேன். டேட்டா காசு என்னுடையது, கணினியும் தவணையில் நான் வாங்கியது. இரவு ஒரு மணிக்கு வேலை வந்தாலும் பத்து நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். செப்டெம்பரில் 19,000 ரூபா வந்தது. 2025 ஏப்ரலில் இந்த நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபா ஆனது. அது எனக்குப் பொருந்துமா என்று யாரிடம் கேட்பது என்றுகூட எனக்குத் தெரியாமல் இருந்தது. இதில் ஒரு வேதனை என்னவென்றால், நாங்கள் கோடு போட்டுக் கொடுத்த வேலையைக் கணினி இப்போது பாதி தானே செய்கிறது. அதனால் படத்துக்கு விலையையும் குறைத்துவிட்டார்கள்.

தம்பி ஜூன் மாத மழையில் வெள்ளவத்தையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். ஆறு வாரம் வீட்டில். செயலியில் முறைப்பாடு செய்தால், "நீங்கள் எங்கள் பங்காளர்" என்று பதில் வந்தது. பங்காளருக்கு மருந்துச் செலவு கிடையாதாம்.

ஐயா, நான் சட்டம் படித்தவள் அல்ல. ஆனாலும் 1958-ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தரம், தற்காலிகம், அமையம் என்று பார்க்காமல், செய்த அளவுக்குக் காசு வாங்கும் துண்டு வேலைக்கும் ஒப்பந்த வேலைக்கும்கூடப் பொருந்தும் என்று உங்கள் திணைக்களமே சொல்கிறது. அப்படியானால் கிலோவுக்குக் காசு வாங்கும் அம்மாவும் படத்துக்குக் காசு வாங்கும் நானும் அதற்குள் வரவேண்டும்தானே? பத்திரத்தில் என்ன பெயர் எழுதியிருந்தாலும், வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தே தொழில் உறவைத் தீர்மானிக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழில் அமைப்பின் 2006-ஆம் ஆண்டின் 198-ஆவது பரிந்துரை சொல்கிறது. செயலிவழி வேலைக்கென்று ஓர் உடன்படிக்கையும் பரிந்துரையும் வேண்டும் என்று இந்த ஜூனில் ஜெனீவாவில் முடிவெடுத்திருக்கிறார்கள், அடுத்த ஜூனில் மறுபடி பேசப் போகிறார்கள். அந்த மேசையில் இலங்கையும் இருக்கும். அங்கே பேசப் போகிறவர்கள் எங்கள் லயத்தையும் நினைவில் வைத்துப் பேச வேண்டும் என்பது என் ஆசை.

என் கோரிக்கைகளில் மிக அவசரமானது, வருமானப் பகிர்வு முறைக்கு மாறிய தோட்டங்களில் உங்கள் அலுவலர்கள் நேரில் வந்து விசாரிப்பது. விசாரணை முடியும்வரை, ஏற்கெனவே செக்ரோலில் இருந்தவர்களின் சேவைக்காலம் முறியவில்லை என்றும், சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் தொடர்ந்து கட்டப்பட வேண்டும் என்றும் கம்பனிகளுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பத்திரங்கள் தமிழில் தரப்பட வேண்டும், செடியைப் பராமரித்துப் பறிக்கும் பெண்ணின் பெயர் அதில் இருக்க வேண்டும். உரம், மருந்துக் கழிவுக்கு ஒரு வரம்பும், மழை மாதத்தில் நாள் சம்பளத்துக்குக் குறையாத ஓர் அடித்தளமும் வேண்டும்.

எங்களைப் போல வீட்டிலிருந்து இணையவழி வேலை செய்பவர்களுக்கும் தம்பியைப் போன்றவர்களுக்கும், முறைப்பாட்டைத் தமிழில் ஏற்றுக்கொள்ள ஹட்டன் தொழில் அலுவலகத்தில் ஒருவரை நியமித்துத் தாருங்கள். புதிய தொழில் சட்டத்தைப் பற்றி 2023-இலிருந்து பேசுகிறார்கள். அது எழுதப்படும்போது, செயலிக்குப் பின்னால் இருப்பவரும் வேலை தருபவர்தான் என்று அதில் ஒரு வரி வரவேண்டும்.

விசாரணைக்கு வரும் அலுவலர் தயவுசெய்து தோட்ட அலுவலகத்தோடு திரும்பிவிடாமல், பின்னேரம் நான்கு மணிக்குக் கொழுந்து மடுவத்துக்கு வரவேண்டும். நிறுவை நடக்கும் நேரம் அது. அம்மா அங்கே வரிசையில் இருப்பார். கணக்குச் சீட்டுகள், சேமலாப நிதிப் பழைய கூற்றுகள், ஆங்கிலப் பத்திரத்தின் பிரதி, தம்பியின் மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நானும் வருவேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
மனுதாரர்
(கையொப்பம் தனித்தாளில்)

பிரதிகள்:
உதவித் தொழில் ஆணையாளர், ஹட்டன்
மாவட்டச் செயலாளர், நுவரெலியா