சம்பந்தன் வழக்கு எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த அமரர் இரா. சம்பந்தனைப் பற்றி எழுதுவோர் சிலர், 2018இல் அவர் மஹிந்த ராஜபக்ஷவின் பிரதமர் பதவியை வழக்குப் போட்டு நிறுத்தியதாக எழுதுகிறார்கள். அது வேறு வழக்கு. 122 எம்.பி.க்களின் மனுவில், டிசம்பர் 3ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் மஹிந்தவுக்கும் அவரது அமைச்சரவைக்கும் விதித்த தடை அது. சம்பந்தன் பெயரில் நிற்பது உயர் நீதிமன்ற அடிப்படை உரிமை வழக்கு, இலக்கம் 351/2018. நவம்பர் 9ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன வர்த்தமானியால் நாடாளுமன்றத்தைக் கலைத்தது செல்லுமா என்பதே அங்கே கேள்வி.

19ஆவது திருத்தத்தின் பின் அரசியலமைப்பின் 70(1) உறுப்புரை சொன்னது இது: முதல் அமர்விலிருந்து நாலரை ஆண்டு ஆகுமுன் கலைப்பதென்றால், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்க வேண்டும். அந்தச் சபை கூடியது 2015 செப்டெம்பர் 1இல். மூன்று ஆண்டும் இரண்டு மாதமுமே ஆகியிருந்தன, தீர்மானமும் இல்லை. சட்டமா அதிபர் தரப்பு 33(2)ஐப் பிடித்துக்கொண்டது: கலைக்கும் அதிகாரம் அதில் தனியாகவே ஜனாதிபதிக்குத் தரப்பட்டிருக்கிறது, நிபந்தனை கிடையாது என்று. டிசம்பர் 13இல் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக அதை மறுத்தார்கள். அதிகாரம் 33இல் இருந்தாலும் அதைப் பயன்படுத்தும் வழி 70இல்தான். கலைத்தது, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்னும் 12(1)ஐயும் மீறியது.

ஜனாதிபதிக்கு எதிராக மனுவை ஏற்க வழி விட்டதும் அதே 19ஆவது திருத்தம்தான். அவரது உத்தியோகபூர்வச் செயலை அடிப்படை உரிமை மனுவில் கேள்விக்குட்படுத்தலாம். ஆனால் எதிர்மனுதாரராகப் போட வேண்டியது சட்டமா அதிபரை. வழக்கின் பெயரில் ஜனாதிபதி இல்லாதது இதனால்தான். இத்தகைய மனுவைப் போட 126ஆம் உறுப்புரை ஒரு மாத அவகாசம் தருகிறது. வெள்ளி இரவு வர்த்தமானி வந்தது, திங்கள் மனுப் போனது, செவ்வாய் மாலை இடைக்காலத் தடை கிடைத்தது. மனோ கணேசன் உட்படப் பலர் தனித்தனியே மனுப் போட்டிருந்தும், தீர்ப்பு அறியப்படுவது திருகோணமலை எம்.பி.யான சம்பந்தனின் பெயரால்.

அப்போது அவருக்கு 85 வயது. அமிர்தலிங்கத்துக்குப் பின் எதிர்க்கட்சித் தலைவரான இரண்டாவது தமிழராக 82ஆவது வயதில் அந்தக் கதிரையில் அமர்ந்தவர். தீர்ப்பு வந்த ஐந்தாம் நாள், டிசம்பர் 18இல், சபாநாயகர் அந்த எதிர்க்கட்சித் தலைவர் பதவியை மஹிந்தவுக்கு அறிவித்தார். சபையைக் காப்பாற்றிக் கொடுத்தவருக்கு அந்தச் சபையில் கிடைத்தது இது!

இன்னொன்று: நாலரை ஆண்டு என்பது இன்றைய சட்டமல்ல. 20ஆவது திருத்தத்தோடு அது இரண்டரை ஆண்டாகிவிட்டது, 21ஆவதும் அதை மாற்றவில்லை. உயர்தர அரசறிவியல் பிள்ளைகள் பழைய கணக்கை எழுதினால் புள்ளி போகும்.

ஒரு வாசகர்,
உவர்மலை, திருகோணமலை.